ஓட்ட மாத்தவா, ஷீட் போடவா, மாடி எடுக்கவா: எதுக்கு எவ்வளவு வீட்டுத் தீர்வ கூடும்?

"வீட்ட கொஞ்சம் சரி பண்ணணும், எதப் பண்ணுனா தீர்வ (சொத்து வரி) கூடாம இருக்கும்?" நம்ம திருநெல்வேலியில இந்தக் கேள்விய ரெண்டு மாசத்துல நாலு பேரு கேட்டுட்டாவ. ஒருத்தருக்கு டவுன்ல தாத்தா காலத்து ஓட்டு வீடு, ஐப்பசி மழைக்கு அரங்குல (உள்ளறையில) மூணு இடத்துல ஒழுகுது. இன்னொருத்தர் மீனாட்சிபுரம், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல தார்சாவுல (முன்கூடத்துல) இடுப்பளவு தண்ணி நின்ன வீடு, தரைய உசத்தணுமா இல்ல மேல ஒரு ரூம் போட்டு சாமான எல்லாம் ஏத்திரலாமான்னு இன்னும் முடிவு பண்ண முடியாம இருக்காவ. மூணாவது எங்க அத்தான், பெருமாள்புரத்துல மாடி எடுத்து வாடகைக்கு விடணும். நாலாவது தச்சநல்லூர்ல ஒரு மயினி (அண்ணி), தெருவப் பாத்த முன்னறைய தையல் கடையாக்கணும்.

நாலு பேரு மனசுலயும் ஒரே எண்ணம்தான், செலவு எவ்வளவு பண்ணுறமோ அதுக்குத் தக்கபடி தீர்வ கூடும்னு நினைக்காவ. அப்படி இல்லவே இல்ல. கொத்தனாருக்கும் டைல்ஸ் கடைக்கும் எவ்வளவு கொடுத்தீங்கன்னு வரி போடுறவங்க கேக்க மாட்டாவ. எட்டு லட்சத்துக்கு கிரானைட்டும் மாடுலர் கிச்சனும் போட்டா ஒரு பைசா கூடாம இருக்கும், ஒன்னர லட்சத்துல பின்னாடி ஒரு ரூம் இழுத்தா கூடிரும். இது புரிஞ்சா பாதி குழப்பம் தீந்துரும்.

மொதல்ல எத வச்சுப் பாக்கணும்

நம்ம ஊர்ல கட்டடத்துக்குச் சொத்து வரி போடும்போது பாக்குறது இதுகளத்தான்: கட்டடம் எத்தன சதுர அடி, எந்த ஏரியா (மெயின் ரோட்டுக்கும் உள்தெருவுக்கும் சதுர அடி மதிப்பு வேற), கூரை காங்கிரீட்டா ஓடா ஷீட்டா கூரையா, குடியிருக்கிறதா கடையா, கட்டி எத்தன வருஷம், சொந்தக்காரர் இருக்காவளா வாடகைக்கு விட்டிருக்கா. ஏரியாவ நம்மால மாத்த முடியாது. மத்ததுல எத நீங்க தொடுறீங்களோ அதுக்குத்தான் வரி மாறும்.

அதனால எந்த வேலைய எடுத்தாலும் என்கிட்ட நாலு கேள்வி இருக்கு. அளவு கூடுதா, கூரை ரகம் மாறுதா, உபயோகம் மாறுதா, அப்புறம் வரிக்கு வெளிய என்ன செலவு ஒளிஞ்சிருக்கு. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், ஏன்னா நான் பாத்த வரைக்கும் வரிய விட மத்த செலவுலதான் ஆளுக மாட்டிக்கிடுறாவ.

2022 ஏப்ரல்ல நடந்த பொதுச் சீராய்வையும் (எல்லாருக்கும் மொத்தமா வரிய மாத்துறது) மனசுல வச்சுக்கோங்க. அப்போ சென்னை தவிர்த்த மாநகராட்சிகள்ல குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 601-ல இருந்து 1200 வரைக்கும் 50, 1201-ல இருந்து 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100 சதவீதம்னு ஏத்துனாவ. கடைகளுக்கு 100 சதவீதம். அதாவது பெரிய வீட்டுக்கு அடி பலமா விழுந்துச்சு. 1150 சதுர அடியில இருக்க ஒருத்தர் நூறு அடி கூட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கணும்னு நான் சொல்லுறது அதுக்குத்தான், அடுத்த சீராய்வும் இதே படிக்கட்டுல வந்தா அந்த நூறு அடிக்காக மொத்த வீடும் மேல் படிக்குப் போயிரும்.

அவசரத்துல இருக்கவங்களுக்கு அட்டவணை:

| வேலை | அளவு | கூரை | உபயோகம் | தீர்வ |
|---|---|---|---|---|
| டைல்ஸ், பெயிண்ட், பாத்ரூம், தரை உசத்துறது | மாறாது | மாறாது | மாறாது | கூடாது |
| ஓட்ட எடுத்துட்டு காங்கிரீட் | மாறாது | மாறும் | மாறாது | கூடும் |
| மாடியில ஷீட் | அடைச்சா கூடும் | ஷீட் கணக்கு | மாறாது | திறந்திருந்தா பெரும்பாலும் இல்ல, அடைச்சா உண்டு |
| மாடி எடுத்து நாமளே இருக்கிறது | கூடும் | காங்கிரீட் | மாறாது | கூடும் |
| மாடி எடுத்து வாடகை | கூடும் | காங்கிரீட் | வாடகை | இன்னும் கூடும் |
| முன்னறைய கடையாக்குறது | மாறாது | மாறாது | மாறும் | நல்லாக் கூடும் |
| இடிச்சுட்டுப் புதுசு | புது அளவு | காங்கிரீட் | உங்க விருப்பம் | மொத்தமும் புதுக் கணக்கு |

இருக்கிற சுவருக்குள்ளயே சரி பண்ணுறது

இதுல சொல்ல அதிகம் இல்ல. டைல்ஸ், பெயிண்ட், ஒயரிங், கதவு, ஜன்னல், பாத்ரூம் மாத்துறது எதுக்கும் வரி மாறாது. மீனாட்சிபுரத்துக்காரங்களுக்கு நான் சொன்னது இதத்தான், தரைய ரெண்டடி உசத்துங்க, சுவிட்ச் போர்ட மேல ஏத்துங்க, சதுர அடி அப்படியேதான் இருக்கும். ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குனாக்கூட அளவு மாறாது. ஒளிஞ்சிருக்க செலவு ஒண்ணே ஒண்ணு, தரை உசந்தா கூரைக்கும் தலைக்கும் இடைவெளி குறையும், நிலைவாசல எடுத்து மேல ஏத்தணும், பழைய தேக்கு நிலைய எடுக்கும்போது சுவர் பிளக்காம எடுக்கத் தெரிஞ்ச கொத்தனாரா பாக்கணும்.

ஒரு விஷயத்துல கவனம். "சும்மா சரி பண்ணுறோம்"னு ஆரம்பிச்சு புறவாசல்ல ஒரு சாய்ப்ப இழுத்து அடுக்களையோட சேத்துருவோம், காருக்கு முன்னாடி ஒரு காங்கிரீட் ஷெட்டு போட்டுருவோம். அந்த நிமிஷமே இது வேற வேலையாயிருது. கூரை போட்ட இடத்த அளக்கத்தான் செய்வாவ.

ஓட்ட எடுத்துட்டு காங்கிரீட் போடுறது

இதத்தான் நிறையப் பேரு தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காவ. "அதே வீடு, அதே சுவரு, ஒரு அடிகூட நீட்டல, எதுக்குத் தீர்வ கூடணும்?" அளவு மாறலதான், ஆனா கூரை ரகம் மாறிருச்சு. ஓட்டு வீட்டுக்கும் காங்கிரீட் வீட்டுக்கும் மதிப்பு ஒண்ணு கிடையாது. கிராமப் பஞ்சாயத்துல வீட்டு வரி போடும்போதும் இந்த வித்தியாசம் உண்டு. போதாக்குறைக்கு, பழைய வீடுன்னு கிடைச்சுக்கிட்டு இருந்த வயசுக் கழிவும் புதுக் கூரை போட்ட பகுதிக்குப் போயிரலாம்.

எங்க வீட்டுலயே இது நடந்துச்சு. பாளையங்கோட்டையில அப்பா கட்டுன வீடு, முன்பக்கம் காங்கிரீட், பின்னாடி அடுக்களையும் ஸ்டோரும் ஓட்டுச் சாய்ப்பு, சுமார் 220 சதுர அடி. குரங்கு ஓட்டப் பிரிச்சுப் போட்டுட்டே இருக்குன்னு ஒரு வருஷம் எல்லாத்தையும் எடுத்துட்டு காங்கிரீட் போட்டோம், அளவு மாறலையேன்னு யாருக்கும் சொல்லல. அப்பா தவறுனதுக்கு அப்புறம் தீர்வையில அம்மா பேர மாத்த மனு கொடுத்தோம், வந்து அளந்தாவ, ஓடுன்னு இருந்த இடம் காங்கிரீட்டா நிக்குது, மொட்டை மாடிப் படிக்கட்டு ரூமும் பழைய கணக்குல இல்ல. முந்தின அரையாண்டுகளுக்கும் சேத்து வித்தியாசத் தொகையக் கட்டச் சொன்னாவ. தப்பு எங்க பேர்லதான், அப்பவே ஒரு மனு கொடுத்திருந்தா வருஷா வருஷம் சின்னத் தொகையாப் போயிருக்கும், பேர் மாத்தவேண்டிய நேரத்துல அம்மா கையில இருந்த பணம் அதுல போயிருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு, அதான் இவ்வளவு நீட்டி எழுதுதேன்.

டவுன் பக்கத்துக்கு இன்னும் பெரிய கேள்வி சுவர். வளவு வீடுகள்ல (ஒரே வளாகத்துல ஒட்டி ஒட்டி இருக்க வீடுக) ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பொதுச் சுவர், பழைய சுண்ணாம்புச் சாந்துலயோ மண்ணுலயோ எடுத்தது, ஓட்டுப் பாரத்தத் தாங்கவே கட்டுனது. அதுமேல நேரா சிலாப் போட முடியாது, பில்லரும் பீமும் எடுத்தாகணும், அப்போ அது ரிப்பேர் இல்ல, கட்டட அனுமதி வேணும். அனுமதின்னு போனா வரைபடம், பத்திரம், பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம்னு போகும். தீர்வையில கூடுற தொகைய விட இது பத்து மடங்கு பாரம்.

அதனால உத்திரமும் கைமரமும் உறுதியா இருந்தா நான் சொல்லுறது, ஓட்டையே பிரிச்சு மேயுங்க. செல்லரிச்ச சட்டத்த மட்டும் மாத்தி, உடைஞ்ச ஓடத் தேடி வாங்கிப் போடுங்க. தீர்வ மாறாது, சித்திரை வெயில்ல வீடு குளுமையாவும் இருக்கும். உத்திரமே உளுத்துப் போயிருந்தாலோ, என்னைக்காவது மாடி எடுக்கிற எண்ணம் இருந்தாலோ காங்கிரீட்டுக்குப் போறதுதான் சரி, அப்போ அரைகுறையா சிலாப் மட்டும் போடாம பில்லரோட போங்க.

மாடியில ஷீட்

செலவு கம்மி, ஒரு வாரத்துல முடிஞ்சுரும். நாலு பக்கமும் திறந்து, கீழ சிலாப் வெயில்ல காயாம இருக்கவும் துணி காயப்போடவும் மட்டும்னா பெரும்பாலும் வரிப் பேச்சு வராது. ஆனா நம்ம ஆளுக திறந்தே விட மாட்டாவ. ஒரு பக்கம் ஆலோ பிளாக் வைப்பாவ, அடுத்த வருஷம் இன்னொரு பக்கம், அப்புறம் ஒரு கதவு, ஒரு ஃபேன், காலேஜ் படிக்கிற பையனுக்கு ரூம். அப்போ அது ஷீட் கூரை போட்ட ஒரு ரூம், அளவுல சேந்துரும், காங்கிரீட்ட விட மதிப்பு கம்மியா இருக்குமே தவிர சும்மா விட மாட்டாவ.

ஒளிஞ்சிருக்க செலவு காத்துதான். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காத்த நான் சொல்லவே வேண்டாம், அத்தன கரண்டு காத்தாடி அங்கன நிக்குறது எதுக்கு. அந்தப் பக்கத்துல ஜே போல்ட்டுல வெறுமன மாட்டுன ஷீட் நிக்காது, பைப்ப சிலாப்போட பேஸ் பிளேட் வச்சு போல்ட் பண்ணணும், கோட்டேஷன்ல இத விட்டுட்டுத்தான் மொதல்ல குறைச்சுச் சொல்லுவாவ. வாடகை வீட்டுக்காக ஷீட் போடாதீங்க, மதியம் அதுக்குள்ள மனுசர் இருக்க முடியாது. அஞ்சு வருஷத்துல மாடி எடுக்கப் போறோம், அதுவரைக்கும் ஒழுக்குக்குத் தடுப்பு வேணும்னா மட்டும் ஷீட் சரி.

மாடி எடுக்கிறது

அத்தானுக்கு ஒரு பேப்பர்ல போட்டுக் காமிச்ச கணக்க இங்கன அப்படியே தாரேன், எண்ணெல்லாம் பேச்சுக்கு, உங்க ரசீதப் பாத்து மாத்திக்கோங்க. கீழ 800 சதுர அடி, அரையாண்டுக்கு 1,200 ரூபா தீர்வ, அப்போ சதுர அடிக்கு ஒன்னர ரூபா. மேல 600 சதுர அடி எடுத்தா அதே கணக்குல அரையாண்டுக்கு 900, வருஷத்துக்கு 1,800 கூடும். வாடகைக்கு விடுறதால இன்னும் கொஞ்சம் ஏறுனாலும் மாசம் 6,000 வாடகைன்னா வருஷம் 72,000 வருது. அத்தான் அந்த 1,800-க்குப் பயந்துதான் ஒரு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருந்தாவ.

பயப்படவேண்டியது வேற இடத்துல இருக்கு. சதுர அடிக்கு 2,200 ரூபான்னு வச்சாலும் 600 அடிக்கு 13,20,000. கட்டடத் தொழிலாளர் நல நிதி கட்டவேண்டி வந்தா செலவுல ஒரு சதவீதம், இந்தக் கணக்குல 13,200 ரூபா; நாம குடியிருக்கக் கட்டுற வீட்டுக்கு ஒரு வரம்பு வரைக்கும் இது கிடையாது, அந்த வரம்பு இப்போ எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க. பிளான் ஃபீஸ், இஞ்சினியர் ஃபீஸ் தனி. மேல தனிக் குடும்பம் இருக்கும்னா தனி கரண்டு சர்வீஸ், அதுக்கு டெபாசிட். கீழ அஸ்திவாரம் ஒரு மாடியத் தாங்குமான்னு பாக்குற செலவு, இத மட்டும் தயவுசெஞ்சு மிச்சம் பிடிக்காதீங்க. அந்தக் காலத்துல பில்லர் இல்லாம சுவர்மேலயே சிலாப் போட்ட வீடுக பாளையங்கோட்டையில எக்கச்சக்கம்.

வாடகை வருமானத்துக்கு இன்கம் டாக்ஸ்லயும் ஒரு கணக்கு இருக்கு. அந்த வருஷம் நீங்க கட்டுன தீர்வைய வாடகையில கழிச்சுக்கலாம், மிச்சத்துல 30 சதவீதம் செலவுக்குன்னு கழியும். 72,000-ல மாடிக்குரிய 1,800 போக 70,200, அதுல 30 சதவீதம் 21,060 போக 49,140-தான் வருமானத்துல சேரும். ஆனா நீங்களே கையில இருந்து கட்டிருக்கணும், பாக்கி வச்சிருந்தா கழியாது. அதே மாடியில நாமளே இருந்தா இந்தச் சலுகை இல்ல, வீட்டு ரிப்பேருக்குன்னு மட்டும் வாங்குன லோன் வட்டிக்குப் பழைய வரிமுறையில வருஷம் 30,000 வரைக்கும் கழிக்கலாம், புது முறையில சொந்தக் குடியிருப்புக்கு அதுவும் கிடையாது.

இன்னொண்ண அத்தான்கிட்ட தனியாச் சொன்னேன். வீடு அத்தானோட அப்பா, எங்க மாமா பேர்ல இருக்கு, பாகம் பிரிக்கல, அத்தானோட தம்பி திருப்பூர்ல இருக்கான். அத்தான் தன் காசுல மாடி எடுத்தா தீர்வ மாமா பேர்லதான் ஏறும், நாளைக்கு இந்த மாடி என்னுதுன்னு தீர்வ ரசீதக் காட்டிப் பேச முடியாது, அது வரி கட்டுனதுக்கு அத்தாட்சியே தவிர உரிமைப் பத்திரம் இல்ல. மொதல்ல மாமா இருக்கும்போதே ஒரு செட்டில்மெண்டோ பாகப்பிரிவினையோ பதிஞ்சுட்டு அப்புறம் கம்பி இறக்குங்கன்னு சொன்னேன். அத்தானுக்கு முகம் சுருங்கிருச்சு, ஆனா அண்ணந்தம்பி பேச்சுவார்த்தை இல்லாமப் போன எத்தனையோ குடும்பத்த நாம பாத்துட்டோம், பெருசுக இருக்கும்போது பேசுறதுதான் நல்லது.

முன்னறைய கடையாக்குறது

மயினிக்கு ஒரு செங்கல்கூட மாத்த வேண்டாம், ஒரு ஷட்டரு, ஒரு போர்டு. ஆனா சதுர அடிக்கு வீதம் ஏறுறதுல இதுதான் பெருசு, கடைக்கு மதிப்பே வேற. கூடவே அந்த அறைக்கு கரண்டு வணிக சர்வீஸுக்கு மாறும், வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட் அங்கன கிடையாது. தொழில் உரிமம், குப்பைக் கட்டணம்னு வரும்.

120 சதுர அடி அறைய மட்டும் கடையா எழுதச் சொல்லணும். இதுல கோட்டை விட்டா மொத்த வீட்டையும் வணிகம்னு போட்டுரலாம், அப்புறம் திருத்த அலையணும். உள்வாசல அடைச்சு கடையத் தனியாக் காட்டுனா அளக்க வரவங்களுக்கும் சுலபம். மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் தையலுக்காக ஷட்டர் வைக்கிறது லாபம் இல்ல, மயினி இப்போதைக்கு வீட்டுக்குள்ளயே மெஷின் போட்டுத் தைக்கட்டும். சொல்லிக்கொடுக்க நாலு பிள்ளைக வந்து, தெருவுல ஆளு நடமாட்டமும் உண்டுன்னா அப்போ கடை.

இடிச்சுட்டுப் புதுசு

பழைய வீட்டுக்குக் கிடைச்ச வயசுக் கழிவு மொத்தமும் போகும், வரி புதுக் கட்டடத்துக்கு மொதல்ல இருந்து. இடிச்சதச் சொல்லலன்னா இல்லாத வீட்டுக்கு பில் வந்துக்கிட்டே இருக்கும், சொன்னா கட்டி முடியுற வரைக்கும் காலிமனை வரி. 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள ஒரு மாடி வரை வீடுன்னா 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே அனுமதி கிடைக்குது, அது பெரிய நிம்மதி. மழைநீர்த் தொட்டிய வரைபடத்துலயே காட்டிருங்க. ஓட்டு வீட்ட காங்கிரீட்டா மாத்த வர செலவு புது வீட்டுச் செலவுல பாதியத் தாண்டுதுன்னா இத யோசிக்கலாம்.

சொல்லணுமா, விட்டுரலாமா

எந்த வழியில போனாலும் கடைசியில இதக் கேக்காவ. மாநகராட்சியில சொல்லிருங்க. கோயம்புத்தூர்ல 2024-ல ட்ரோன் வச்சு கட்டடத்த அளந்து, வித்தியாசம் இருந்தவங்களுக்குக் கூடுதல் வரி போட்டு பெரிய பிரச்சனையாச்சு, மேல இருந்து பாத்தா ஓடு எது சிலாப் எதுன்னு தெரிஞ்சுரும். வீட்ட விக்கும்போதும் பேங்க்ல அடமானம் வைக்கும்போதும் வேல்யூவர் வரைபடத்தையும் தீர்வ ரசீதையும் பக்கத்துல வச்சுப் பாப்பாவ, அனுமதி இல்லாத மாடிக்கு மதிப்பே போட மாட்டாவ. வரி கட்டிட்டோம்ல, அப்போ அனுமதி கிடைச்ச மாதிரிதானேன்னு கேக்காவ. இல்ல, அது வேற இது வேற.

வேலை முடிஞ்சதும் வரிவிதிப்பு எண், பழைய ரசீது, வரைபட நகலோட மனு கொடுத்து, மனு வாங்குனதுக்கு ரசீது கேளுங்க. அரையாண்டு ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் தொடங்குது, தொடங்குன மாசத்துக்குள்ள கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபா. தள்ளிப் போட்டா மாசம் ஒரு சதவீதம் வட்டி ஏறும். அளக்க வரும்போது டேப்போட மறுமுனைய நீங்க பிடிங்க, ஒவ்வொரு ரூம் அளவையும் உங்க நோட்டுலயும் எழுதுங்க, கூரை ரகம் என்ன, சொந்தக் குடியிருப்பா வாடகையான்னு அவுக என்ன எழுதுறாவன்னு கேட்டுப் பாருங்க. நோட்டீஸ்ல இருக்க அளவும் உங்க நோட்டும் ஒத்துப்போகலன்னா, நோட்டீஸ்ல போட்டிருக்க தேதிக்குள்ள எழுத்துல ஆட்சேபணை கொடுக்கணும், வாயால சொன்னா நிக்காது. அத்தான் வீட்டு மனுவ வர ஞாயித்துக்கிழம உக்காந்து எழுதப் போறோம், செட்டில்மெண்ட் பேச்ச மாமாகிட்ட அதுக்கு முன்னாடி அத்தையே ஆரம்பிக்கேன்னு சொல்லிருக்காவ.